பூவுக்குக் காம்பு வைப்போம்



துணியில் பூ வெட்டி, இன்னொரு துணியில் ஒட்டித் தைக்கும் அப்ளிக் வேலை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. தலையணை உறைக்கும் மேசை விரிப்புக்கும் இவ்வேலையைச் செய்திருப்பீர்கள். இம்முறை அதையே சற்றுப் பெரிய அளவில், ஒரு போர்வையில் செய்வது பற்றிப் பார்ப்போம். அதிலும் குறிப்பாக, பலரும் கடைசியில் நினைத்துக்கொள்ளும் ஒரு சிறு பகுதியைப் பற்றி. அதுதான் பூவின் காம்பு.

காம்பில்லாத பூவை நாம் எங்கே காண்கிறோம்? மாலையில் காண்கிறோம், பூத்தட்டில் காண்கிறோம், மரத்தடியில் கொட்டிக் கிடக்கக் காண்கிறோம். அவை பறித்த பூ அல்லது விழுந்த பூ. ஒரு பூ இன்னும் செடியில் நிற்கிறது என்பதைக் காட்டுவது காம்புதான். துணியிலும் அப்படியே. எவ்வளவு வடிவாகப் பூ வெட்டினாலும் காம்பு இல்லாவிட்டால் அது விரிப்பின் மேல் சிந்திக் கிடப்பதுபோலத் தெரியும்.

கனகராயன்குளத்தில் இது பேச்சாக வந்தது. ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் உள்ள ஊர் அது. 1997 இல் தொடங்கிய ஜயசிக்குறு காலத்திலும், பின்னர் 2008 இலும் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, மீளக் குடியேறிய குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த ஏழு பேர் கிழமையில் இரண்டு பின்னேரம் கூடித் தைக்கிறார்கள். தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து, ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை ஒன்றைச் செய்திருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி, நடுவில் பழைய பருத்திச் சீலை, கீழே இன்னொரு துணி என மூன்று படை. மேலே பதினாறு பூக்கள். எல்லாம் ஒட்டித் தைத்து முடிந்த நிலையில் அதை விரித்துப் பார்த்தோம். அவர்களுள் மூத்த அம்மா ஒருவர் சொன்னார்:

“வடிவாத்தான் கிடக்கு, பிள்ளை. ஆனா பறிச்சுக் கொட்டின மாதிரிக் கிடக்கு.”

அருகிலிருந்த இளையவள் உடனே கேட்டாள்: “காம்பு வைக்கிறதெண்டா இன்னுமொரு நாள் மினக்கெட வேணும். அந்த நாளுக்கு ஆர் காசு தாறது?”

இரண்டுமே சரியான பேச்சு. ஆகவே முதலில் காம்பு வைக்கும் முறையையும், பிறகு அந்த ஒரு நாள் உழைப்புக்கான கணக்கையும் பார்ப்போம்.

துணியை ஏன் மூலைவாட்டில் வெட்ட வேண்டும்?

கையில் ஒரு லேஞ்சியை எடுங்கள். அதன் ஒரு ஓரத்தின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது இடங்கொடுக்காது. இப்போது எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுங்கள். துணி நீளும். நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுகின்றன. நூல் ஓடும் திசையில் இழுத்தால் அந்த நூலே தாங்கிக்கொள்ளும். மூலைவாட்டில் இழுத்தால் நூல்களுக்கிடையிலுள்ள சின்னச் சதுரங்கள் சரிந்து இடம்விடும்.

செடியின் காம்பு நேர்க்கோடாக நிற்பது குறைவு. நேராக வெட்டிய பட்டியை வளைத்தால் உட்பக்கம் சுருங்கி மடியும். மூலைவாட்டில் வெட்டிய பட்டி அப்படியே வளைந்து படியும். சட்டைக் கழுத்துக்குக் கிராஸ் துண்டு வைப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்த அறிவைத்தான் இங்கும் பயன்படுத்துகிறோம்.

காம்புப் பட்டி செய்யும் முறை

புதுத் துணியானால் முதலில் அலசிக் காயவையுங்கள். சிவப்பு, கரும்பச்சை போன்ற நிறங்களை ஈரமாக ஒரு வெள்ளைத் துண்டில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அத்துணி வெள்ளைப் போர்வைக்கு ஆகாது.

12 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை எடுத்து மூலைக்கு மூலை மடித்து மினுக்குங்கள். மடிப்பைப் பிரித்து, அந்தக் கோட்டிலே வெட்டுங்கள். வெட்டிய விளிம்பிலிருந்து ஒரு அங்குல அகலத்தில் பட்டிகளாக வெட்டிக்கொண்டு போங்கள். இப்படி ஒரு சதுரத்தில் ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத எட்டுப் பட்டிகள் கிடைக்கும். எட்டு அங்குலக் காம்பும், இரு முனையிலும் செருகுவதற்கான துணியும் அதில் அடங்கும். பதினாறு பூவுக்கு இப்படி இரண்டு சதுரம் போதும். மிஞ்சும் மூலைகளை எறிய வேண்டாம். அவை இலைக்கு உதவும்.

பட்டியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி நீளவாட்டில் இரண்டாக மடித்து, திறந்த விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். மெசின் இல்லாவிட்டால் கையால் நெருக்கமாகத் தைத்தாலும் போதும். விளிம்புத் துணியை அரைக்கால் அங்குலம் மட்டும் நிற்கும்படி வெட்டுங்கள். இப்போது கால் அங்குல அகலக் குழாய் ஒன்று கிடைக்கும். பிஸ்கட் பெட்டி மட்டையில், அந்தக் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒடுங்கிய துண்டொன்றை வெட்டி உள்ளே விட்டு, தையல் நடுவில் பின்பக்கமாக வரும்படி திருப்பி மினுக்குங்கள். மட்டையை இழுத்து எடுத்தால் காம்பு தயார்.

எல்லாப் பூவுக்கும் ஒரே தடிப்பில் காம்பு வைக்க வேண்டியதில்லை. நித்தியகல்யாணிக்குக் கால் அங்குலம் போதும். தாமரைக்கு இன்னும் அரைக்கால் அங்குலம் தடிப்பு வேண்டும். அதற்குப் பட்டியை ஒன்றேகால் அங்குலமாக வெட்டுங்கள். உங்கள் ஊர்க் குளத்தைக் கவனித்திருந்தால் ஒன்று தெரியும். தாமரையின் பூவும் இலையும் தனித்தனிக் காம்பில்தான் எழும்புகின்றன. பூக்காம்பில் இலை ஒட்டித் தைத்தால், குளத்தங்கரையில் வளர்ந்த பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தைக்கும் ஒழுங்கு

முதலில் காம்பு, அடுத்தது இலை, கடைசியாகப் பூ. இதுவே ஒழுங்கு. அப்போது காம்பின் மேல்முனை பூவின் கீழே மறைந்துவிடும்.

காய்ந்த சவர்க்காரத் துண்டாலோ, துணி வெள்ளையானால் மெல்லிய பென்சில் கோட்டாலோ காம்பு போகும் வழியை வரையுங்கள். பட்டியை அதன்மேல் வைத்துப் பெரிய தையலாக நூலோடி நிறுத்துங்கள். பிறகு வளைவின் உட்பக்கத்தை முதலில் தையுங்கள். வெளிப்பக்கத்தை அடுத்துத் தையுங்கள். வெளிப்பக்கத்தை முதலில் தைத்துவிட்டால் உட்பக்கத்தில் மிஞ்சும் துணி சுருக்கமாக நிற்கும், அதை மினுக்கியும் போக்க முடியாது. உட்பக்கத்தை முதலில் தைத்தால் வெளிப்பக்கம் சற்று நீண்டு தானாகவே படியும்.

நூல் காம்பின் நிறத்தில் இருக்க வேண்டும். மெல்லிய ஊசியால், காம்பின் மடிப்பு விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் எடுத்து மறைதையல் போடுங்கள். ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் இருந்தால் எத்தனை தடவை துவைத்தாலும் விடாது.

பூ ஏற்கெனவே தைத்தாகிவிட்டதா?

கனகராயன்குளத்துப் போர்வையில் இருந்த சிக்கல் இதுதான். அதற்காகப் பூவை முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை. காம்பு வர வேண்டிய இடத்தில், பூவின் கீழ் விளிம்பில் முக்கால் அங்குலத் தையலை மட்டும் பிரியுங்கள். காம்பின் முனையை உள்ளே அரை அங்குலம் செருகுங்கள். காம்பை முழுவதும் தைத்த பிறகு பூவின் விளிம்பைத் திரும்ப மூடித் தையுங்கள். காம்பின் கீழ்முனையை உள்ளே மடித்துத் தைக்கலாம். சாடி அல்லது இலை ஒன்றை வைத்து மறைக்கவும் செய்யலாம்.

மூன்று படையையும் சேர்த்து ஏற்கெனவே நூலோடியிருந்தால், ஊசி மேல்துணியை மட்டும் எடுக்க வேண்டும். கீழ்ப்படைக்குப் போனால் பின்பக்கம் அழகு கெடும். பழைய தையல் வரி காம்புக்கு அடியில் மேடுபள்ளமாக நின்றால் அந்த இடத்தை மட்டும் பிரித்துவிடுங்கள். காம்பு தைத்து முடிந்ததும் அதன் இருபுறமும் நெருக்கமாக மூன்று படையிலும் நூலோடுங்கள். பிரித்த இடம் உறுதியாகும், காம்பும் சற்று எழும்பித் தெரியும்.

எந்தத் துணியில் காம்பு?

பச்சைத் துணி தேடும்போது ஒரு சகோதரி தன் வீட்டிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட சேட் ஒன்றைக் கொண்டுவந்தார். 2009 இல் காணாமற்போன அவருடைய மகனின் சேட் அது. “இதில காம்பு வெட்டலாமோ, மிஸ்?” என்று கேட்டார். ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரத்தின் பின் மூத்த அம்மா, “விக்கிற சாமானுக்கு இதை ஏன் மோனை வெட்டுறாய்?” என்றார்.

இக்கேள்வி எமது ஊர்களில் பல வீடுகளில் இருக்கிறது. அலுமாரியில், றங்குப்பெட்டியில் மடித்து வைத்த உடுப்பு ஒன்று பல வீடுகளில் உண்டு. அதை வெட்டலாமா என்று தீர்மானிக்கும் உரிமை அதை வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. சங்கமோ பயிற்சி தருபவரோ பொருள் வாங்குபவரோ அதில் தலையிடக் கூடாது.

வேறு நாட்டுப் பெண்களும் இதற்கு முகங்கொடுத்திருக்கிறார்கள். தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 1973 செப்டெம்பர் 11 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பலர் கைதாகிக் காணாமற்போயினர். தலைநகர் சந்தியாகோவில் அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் கூடி, சாக்குத்துணியில் துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்துப் படங்கள் செய்தார்கள். அப்படங்களுக்கு ‘அர்பியேரா’ என்று பெயர். அவர்களுடைய மொழியில் சாக்குத்துணி என்பதே அதன் பொருள். மேலே மலைத்தொடர், கீழே தம் வீடும் வீதியும், சிறைவாசலில் காத்து நிற்கும் பெண்களும் எனத் தாம் கண்டதையே அவர்கள் தைத்தார்கள். சிலர் காணாமற்போனவரின் உடுப்பிலிருந்தே துண்டு வெட்டி வைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1976 இல் தொடங்கிய உதவி அமைப்பொன்று அவற்றை வாங்கி வெளிநாடுகளில் விற்றது. கணவனையும் மகனையும் இழந்த வீடுகளுக்கு அது வருமானமாயிற்று. நடந்ததை உலகம் அறியவும் அது வழியாயிற்று.

அவர்கள் வெட்டினார்கள் என்பதால் நாமும் வெட்ட வேண்டும் என்றில்லை. ஆனால் வெட்டுவதானால் சிலவற்றைக் கவனியுங்கள். முதலில் உடுப்பை விரித்து முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். நிறம், பொத்தான், கழுத்தில் உள்ள அடையாளத் துண்டு, நீங்கள் கையால் போட்ட ஒட்டு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடையாளமுள்ள இடங்களை வெட்டாமல் விடுங்கள். 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி யாழ்ப்பாணம் செம்மணியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு சட்டையின் நிறமும் ஒரு பொத்தானும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை அன்று அங்கு போனவர்கள் அறிவார்கள்.

இன்னொன்று, அத்துணி வீட்டில் இருக்கப் போகும் பொருளுக்கா, விற்கும் பொருளுக்கா என்பதை வெட்டுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். விற்றால் திரும்பி வராது. அந்தச் சகோதரி சேட்டைப் படமெடுத்தபின் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அது இன்னும் வெட்டப்படவில்லை. போர்வைக்குத் தையற்கடைப் பச்சைத்துணி போதுமானதாக இருந்தது.

எமது கையடையாளம்

பழந்துணிப் போர்வை ஏழ்மையின் அடையாளம் என்று சிலர் வெட்கப்படுகிறார்கள். இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பழைய உடுப்புகளைக் கொண்டு ‘கவண்டி’ என்ற போர்வையைச் செய்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் ஓரமாகத் துண்டுகளை வைத்து நூலோடிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் ‘பூலா’ வைப்பார்கள். பூ என்பதே அச்சொல்லின் பொருள். பூலா இல்லாத போர்வையை அவர்கள் முடிந்த வேலையாகக் கருதுவதில்லை. அதை வைப்பதற்கு எவரும் அவர்களுக்குக் கட்டளை இடவில்லை. இன்று அப்போர்வைகளை வெளிநாட்டு நூதனசாலைகளிலும் காட்சிக்கு வைக்கிறார்கள். சித்திப் பெண்களுக்குப் பூலா எப்படியோ, எமக்கும் அப்படியொரு முடிப்பு இருக்கலாம். குளத்துத் தாமரையும் வேலிச் செவ்வரத்தையும் அவற்றின் சரியான காம்போடு நின்றால், அது வன்னிப் பெண்களின் வேலை என்று பார்ப்பவர் அறிவார்.

ஒரு நாள் உழைப்பின் கணக்கு

இப்போது இளையவளின் கேள்விக்கு வருவோம். போர்வையைக் கேட்டிருந்தவர் கொழும்பில் கைவினைப் பொருட்கள் விற்பவர். “காம்பு வைத்தால் நல்லது. விலை பழைய விலைதான்” என்று அவர் சொல்லியிருந்தார். சகோதரிகள் அதற்கு உடனே தலையாட்டவில்லை. கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள்.

பதினாறு காம்பு, ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். மொத்தம் 128 அங்குலம். இருபக்கமும் தைக்க வேண்டும், ஆகவே 256 அங்குலம். அங்குலத்துக்குப் பத்தாக 2,560 தையல். எமது சகோதரிகளின் கை மணித்தியாலத்துக்கு 40 அங்குலம் தைக்கும். அதற்கே ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போகும். வெட்டி, மடித்து, மினுக்க, வரைய இன்னும் ஒன்றரை மணித்தியாலம். ஆக எட்டு மணித்தியாலம், ஒரு முழு நாள். அன்றைக்குக் கச்சான் பிடுங்கப் போயிருந்தால் எவ்வளவு நாட்கூலி கிடைத்திருக்கும்? அந்தத் தொகையைப் போர்வையின் விலையோடு கூட்ட வேண்டும். இதற்கு மேல் துணி, நூல் செலவு தனி.

இக்கணக்கை எழுதி அனுப்பியபோது வாங்குபவர் முழுத் தொகையையும் தரவில்லை, பாதியை ஒத்துக்கொண்டார். அடுத்த போர்வைக்கு வேலை தொடங்குமுன் விலையை எழுத்தில் பேசிக்கொள்வது என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. இது சிறிய வெற்றிதான். ஆனாலும், “வீட்டில சும்மா இருக்கிற நேரத்தில தைக்கிறதுதானே” என்ற பேச்சுக்கு இனி அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அடுப்படியும் தோட்டமும் பிள்ளைகளும் மாமியாரின் மருந்தும் முடிந்த பிறகு தைக்கும் நேரம் சும்மா இருக்கும் நேரமல்ல.

நீங்களும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு ஊசியை வைத்தீர்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். ஒரு பொருள் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்.

பெரிய போர்வையில் தொடங்கப் பயமாக இருந்தால் ஒரு தலையணை உறையில் ஒரு பூவும் ஒரு காம்பும் வைத்துப் பழகுங்கள். வளைவில் சுருக்கம் விழுந்தால் பிரித்து, உட்பக்கத்தில் இருந்து மீண்டும் தொடங்குங்கள். அடுத்த இதழில், மிஞ்சிய மூலைத்துண்டுகளில் இலை வெட்டி, அதன் கூர்முனையைப் பிசிறில்லாமல் மடித்துத் தைக்கும் முறையைப் பார்ப்போம். அந்தத் துண்டுகளை எறியாமல் எடுத்து வையுங்கள்.